மூன்றும் ஒன்றும்

மல்லசமுத்திரம்
18.6.2023

அன்புத் தம்பி இளவழகனுக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாயா?

போனில் கூப்பிட்டால் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் "ம்", "சரிங்க்கா" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. ரிக் வண்டி காட்டுக்குள் போர்க்கிணறு போடப் போய்விட்டால் அதுவும் கிடையாது. அதனால் ஜகதல்பூர் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். உங்கள் கம்பெனி முருகானந்தம் பைப் லாரி ஓட்டிக்கொண்டு வரும்போது கொண்டுவந்து கொடுக்கட்டும்.

பள்ளி திறந்துவிட்டது. இத்தனை வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தியவளை இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் மூக்குத் துடைத்துவிடுவதிலேயே போய்விட்டது. கவின் என்று ஒரு பையன், மணி அடிக்கும் வரை என் சேலைத் தலைப்பை விடவே மாட்டேன் என்கிறான்.

மழைக்கு ரிக் நின்றுவிடுமே, எப்போதும் போல ஆடிக்கு வந்துவிடுவாய்தானே. மாடி அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். சின்னுசாமி மாமா உனக்கு ஒரு ஜாதகம் கொண்டுவந்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் உனக்கு இந்நேரம் கல்யாணம் முடிந்திருக்கும் என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார். வா, பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கயல்விழி

*

ஜகதல்பூர்
20.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டி வலி இப்போது தேவலையா?

இந்த ஆடிக்கு வர முடியாது அக்கா. வண்டி வேலை இருக்கிறது. மாமாவிடம் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணை எப்படிச் சொல்லித் தருவீர்கள்? இங்கே சமையல்காரருக்கு ஒரு பெண் பிள்ளை, ஐந்து வயது. இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிறது. ஐந்து கொட்டையை முன்னால் வைத்து, அதில் இரண்டைத் தள்ளி வைத்து, மொத்தம் எத்தனை என்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறது. தள்ளி வைத்தால் குறைந்துவிட்டது என்று நினைக்கிறது போல. சும்மா இருக்கும் நேரத்தில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இளவழகன்

*

மல்லசமுத்திரம்
2.8.2023

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி போய்விட்டது. இடுப்புக்கு வந்திருக்கிறது.

நீ வரவில்லை என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் மீதியைப் படித்தேன். என் வேலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு மூன்று தரம் படித்தேன்.

அந்தப் பிள்ளை மக்கு இல்லை. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்பது அவர்களுக்குப் பாட்டு மாதிரி. ஐந்து என்றால் ஒரு கூட்டம், அந்தக் கூட்டம் பிரிந்து நின்றாலும் ஐந்துதான் என்பது அந்த வயதில் பெரிய விஷயம். அதைக் கேள்வி கேட்டு வரவழைக்க முடியாது. பிள்ளையே கையால் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு தட்டு வை. ஐந்து கொட்டையைக் கொடுத்து, உன் இஷ்டம் போல இரண்டு தட்டிலும் போடு என்று சொல். மூன்றும் இரண்டும் போடும். மறுபடி ஒன்றாகக் கொட்டச் சொல். மறுபடி பிரிக்கச் சொல். நாலும் ஒன்றும் வரும். ஒவ்வொரு தடவையும் கொட்டிச் சேர்ப்பதுதான் முக்கியம், அதை அவசரப்பட்டு விட்டுவிடாதே. பிரிந்தது திரும்ப வந்து சேரும் என்று கைக்குத் தெரிந்தால்தான் பிரிப்பதில் பயம் போகும். நீ எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று அதுவே கண்டுபிடிக்கட்டும்.

என் வகுப்பில் பிரீத்தி என்ற பிள்ளை ஐந்தையும் ஒரே தட்டில் போட்டுவிட்டு, "இந்தத் தட்டுக்கு ஒண்ணுமில்லீங் டீச்சர், அது உண்ணாவிரதம்" என்றது. பள்ளியில் சிரித்ததை வீட்டில் வந்து சொல்ல ஆளில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

என்ன ஆயிற்று என்று எழுது.

அக்கா

*

ஜகதல்பூர்
27.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே மழை விடவில்லை. இடுப்புக்கு வைத்தியரிடம் காட்டினீர்களா?

நீங்கள் சொன்னபடி செய்தேன். தட்டு இல்லாததால் இரண்டு தேக்கிலை. புளியங்கொட்டைக்குப் பதில் இலுப்பைக் கொட்டை, இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. முதல் இரண்டு நாள் விளையாட்டுதான். மூன்றாம் நாள் நாலை ஒரு இலையிலும் ஒன்றை இன்னொன்றிலும் வைத்துவிட்டு, எண்ணாமலேயே "அஞ்சு" என்றது. இலையை மாற்றி வைத்துக் காட்டினேன். "அப்பவும் அஞ்சு" என்று என்னையே முறைத்தது. எனக்கு ரிக்கில் தண்ணீர் வந்தது போல இருந்தது அக்கா.

அடுத்த படி எனக்குச் சரிவரவில்லை. இரண்டைக் கையால் மூடிக்கொண்டு, உள்ளே எத்தனை என்றால் அழுகிறது. விரலைப் பிரிக்கப் பார்க்கிறது. என்ன செய்யலாம்?

எண்ணுவதெல்லாம் நம் பேச்சில்தான். அழகாகச் சொல்லும், "ஏளு, எட்டு" என்று.

இளவழகன்

*

மல்லசமுத்திரம்
8.10.2023

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். தைலம் தேய்க்கிறேன், பரவாயில்லை. நீ மழையில் நனைந்துகொண்டு நிற்காதே.

கையை எடு. பெரியவர்கள் கை மூடினால் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் குழந்தைக்குப் படும். ஒரு கொட்டாங்குச்சியால் மூடு. வெளியே மூன்று இருக்கிறது, உள்ளே எத்தனை என்று கேள். தெரியாவிட்டால் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடு. பார்க்க வழியிருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை பார்க்காமலேயே சொல்லப் பழகும்.

பத்துக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சத்துணவுக்கு முட்டை வருகிற அட்டையில் இரண்டு வரிசையை மட்டும் வெட்டி எடுத்தால் வரிசைக்கு ஐந்தாகப் பத்துக் குழி. அதில் எட்டுக் கொட்டையைப் போட்டால் இரண்டு குழி காலியாகக் கண்ணுக்குத் தெரியும். எட்டு என்பது ஐந்தும் மூன்றும், எட்டு என்பது பத்துக்கு இரண்டு குறைவு. இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும். முருகானந்தத்திடம் நாலைந்து அட்டை வெட்டிக் கொடுத்தனுப்புகிறேன். மழையில் ஊறாமல் பார்த்துக்கொள்.

தீபாவளிக்காவது வா. மாமா அந்தப் பெண் வீட்டாரிடம் தையில் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உன்னைக் கேட்காமல் சொல்லாதீங்க என்றேன். "அவன எங்கீனு கேக்கறது, காட்டுக்குள்ள போயா" என்கிறார்.

சமையல்காரர் பிள்ளைக்கு எதற்கு நம் பேச்சில் எண்ணிக்கை? அங்கே பள்ளியில் இந்தியில்தானே சொல்லித் தருவார்கள்?

கயல்விழி

*

ஜகதல்பூர்
20.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? தீபாவளிக்கு வர முடியவில்லை. நீங்கள் தனியாக எண்ணெய் தேய்த்துக் குளித்து, இரண்டு மத்தாப்பு கொளுத்தியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டை அட்டை வந்து சேர்ந்தது. இப்போது வீட்டில் அதுதான் விளையாட்டுச் சாமான். கொட்டாங்குச்சி வைத்தியமும் பலித்துவிட்டது. மூடியைத் தூக்காமலேயே "ரெண்டு" என்கிறது. சொல்லிவிட்டுத் தூக்கிப் பார்த்து, தானே தலையை ஆட்டிக்கொள்ளும். நேற்று ஏழு கொட்டையை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டே இருந்து என் மடியிலேயே தூங்கிவிட்டது. கையில் பிடித்திருந்த கொட்டையை விடவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போனது.

பத்துக்கு மேல் எப்படிப் போவது என்று எழுதுங்கள். கடிதத்தை முருகானந்தத்திடமே கொடுத்துவிடுகிறேன்.

தை விஷயம் வேண்டாம் அக்கா. எப்படியாவது சொல்லி நிறுத்திவிடுங்கள்.

இளவழகன்

*

ஜகதல்பூர்
6.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முருகானந்தம் டிசம்பரில் இரண்டு தரம் வந்துபோனார். உங்கள் கடிதம் இல்லை. டவுனுக்கு வந்தபோது கூப்பிட்டேன், "நல்லாருக்கறேன், வெச்சர்றேன்" என்றீர்கள். உடம்புக்கு ஏதாவதா? பக்கத்து வீட்டுப் பழனியம்மாளக்காவைத் துணைக்குப் படுக்கச் சொல்லுங்கள்.

முருகானந்தமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டால், "அக்காளுக்கு எளுது" என்று மட்டும் சொல்கிறார்.

எழுத உட்கார்ந்து இது நாலாவது தாள். ஒரு வரியாவது போடுங்கள்.

இளவழகன்

*

மல்லசமுத்திரம்
11.2.2024

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

முருகானந்தம் உன் நவம்பர் கடிதத்தைக் கொண்டுவந்த அன்று காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே கடிதத்தைப் படித்தேன். மடியில் தூங்கிவிட்டது என்ற இடத்தில் நிறுத்தி, சும்மா கேட்பது போல, "உங்க சமையல்காரருக்கு எத்தன கொளந்தைங்க?" என்றேன்.

"சமையலுக்கு ஆளு ஏதுங் டீச்சர். மொற வெச்சு நாங்களேதான் ஆக்கித் திங்கறோம். இளவழகன் மட்டும் அவங்க ஊட்டுக்கு..." என்று சொல்லி, டம்ளரைக் கீழே வைத்தார். நான் பார்த்தேன். "வண்டி ரோட்டுல நிக்குதுங்க, வாரேனுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நீ யாரோடு இருக்கிறாய் என்பதில் இல்லை கோபம். என் வேலையைப் பற்றிக் கேட்கிறாய் என்று அத்தனை சந்தோஷப்பட்டேனே, அதை நினைத்துத்தான். வகுப்பில் ஒன்று நடந்தால் உனக்கு எப்படி எழுதலாம் என்று மனதுக்குள் வரி கோத்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். அது எனக்கு இல்லை, வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் பேனாவைத் தொட மனம் வரவில்லை.

பொங்கலன்று தனியாக உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. புதுச்சத்திரத்திலிருந்து, இனி புருஷன் வீட்டில் வாழ முடியாது என்று நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று, நம் சொந்தத்தில் கேள்வி கேட்காத ஆளே இல்லை. குழந்தை இல்லாததாலா, அவர் அடித்தாரா, நீ என்ன செய்தாய் என்று ஒரு மாதம் கேட்டார்கள். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கி மாடி அறையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றாய். இன்று வரை வேறு எதுவும் நீ கேட்டதில்லை.

அதனால் நானும் அதிகம் கேட்கப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? அதன் அம்மா பெயர் என்ன?

கயல்விழி

*

ஜகதல்பூர்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு போர் போட்டேன். இப்போதுதான் எழுதத் தைரியம் வந்தது.

பிள்ளை பெயர் சோனி. தங்கம் என்று அர்த்தமாம். ஆளும் சோனிதான், தின்னவே மாட்டேன் என்கிறாள். அம்மா பெயர் மங்லி. சோனியைப் பெற்ற அப்பா அவள் நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குச் சளிக் காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னேனே, அது மலேரியா. ரிக் அடுத்த ஊருக்குப் போய்விட்டது, என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. மங்லியும் அவள் அண்ணனும்தான் வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தெளிந்து கண்ணைத் திறந்தபோது இந்தப் பிள்ளை என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் விரலை ஒவ்வொன்றாக மடக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

மாமா, சாதிசனம் என்ற பயம் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் மறைக்கவில்லை. மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பிள்ளைக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன், அது உண்மை. ஆனால் லாரி வரும் நாளில் காலையிலிருந்தே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்காகத்தான் அக்கா. இங்கே நம் பேச்சைப் படிக்கக் கிடைப்பது உங்கள் கடிதம் ஒன்றுதான்.

உங்கள் தம்பி,
இளவழகன்

*

மல்லசமுத்திரம்
24.3.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உங்கள் மூவர் நலமும் தெரிய எழுது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு, "இனி அவன் இந்த ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்றார். "ஊடு எங்களதுங்க மாமா, வாசப்படியும்தான்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அத்தை கோயிலில் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். வாரம் ஒரு தரம் வந்துபோகிற இரண்டு பேர், அவர்களும் இல்லை.

பத்துக்கு மேல் எப்படி என்று கேட்டிருந்தாயே. நேரில் சொல்லித் தருகிறேன். மே மாதம் பள்ளி லீவு. கூட்டிக்கொண்டு வா.

அக்கா

*

மல்லசமுத்திரம்
9.6.2024

அன்புள்ள இளவழகன், மங்லி, சோனி மூவருக்கும்,

நான் சுகம். ரயிலில் சோனிக்கு வாந்தி வரவில்லையே? எலுமிச்சம்பழம் பையின் ஓரத்தில் வைத்திருந்தேன்.

மங்லிக்கு இதைப் படித்து அவள் பேச்சில் சொல். இங்கே இருந்த நாட்களில் நானும் அவளும் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. உப்பைக் காட்டுவேன், தலையாட்டுவாள். அவள் ஏதோ சொல்லுவாள், நான் சிரிப்பேன். உறவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது அவளுக்குப் புரிந்திருக்கும். பழனியம்மாள் மட்டும் முறுக்கோடு வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றே, "கொளந்த உங்க தம்பியாட்டவே பேசுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீ ஒருநாள் டவுனுக்குப் போயிருந்தபோது சோனியைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். சாவி வாங்கி என் வகுப்பைத் திறந்துவிட்டேன். யாருமில்லாத வகுப்பில் முதல் பெஞ்சில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்துக் கொட்டையை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, பக்கத்தில் மூன்று உதிரியை வைத்தேன். பொட்டலத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள். பிரித்துவிடுவாளோ என்று பார்த்தேன். பிரிக்கவில்லை. "பத்து. அப்பறம் மூணு. பதிமூணு" என்றாள். என் வகுப்பில் அதற்கு டிசம்பர் வரை ஆகும்.

அங்கே வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருக்கிறாய், இனி ஊரோடு வருவதாக இல்லை என்று நீ சொன்னபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நல்லது என்றேன். நீ மறுபடி கேட்டாய், "வருத்தமாக்கா?" என்று. கீரையில் பூச்சி இருக்கிறது, வெளிச்சத்துக்குப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். வருத்தம்தான். ஆனால் நீ சரியான இடத்தில்தான் இருக்கிறாய். இதையும் சேர்த்து அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு தட்டை வரிசையாக வைத்தேன். நீ கவனித்தாயோ என்னவோ. சோனி தட்டுகளைப் பார்த்து, "நாலு" என்றாள். பிறகு உங்கள் மூன்று தட்டையும் ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருக்கி வைத்து, என்னுடையதைத் தள்ளி வைத்து, "மூணும் ஒண்ணும்" என்று என் முகத்தைப் பார்த்தாள். நாலைப் பிரிக்க வேறு வழியும் உண்டு என்று சொல்லித்தருவதுதான் என் தொழில். வாய் வரைக்கும் வந்தது. "சரியாச் சொன்ன சாமி" என்றேன். அவள் சொன்னது சரிதானே.

கிளம்புகிற நாள் காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். நீ கடைவீதிக்கு ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாய். மங்லி வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்துக் கொல்லைப் படிக்குக் கூட்டிப்போய், என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. தலையை அவிழ்த்து, சிக்கெடுத்து, எண்ணெய் வைத்தாள். வலிக்க வலிக்க இழுத்தாள். அம்மா போன பிறகு இன்னொருவர் கை என் தலையில் பட்டது அன்றுதான். நரைமுடி நிறைய இருக்கிறது என்று சொல்ல நினைத்து, அவளுக்குப் புரியாதே என்று விட்டுவிட்டேன். அவள் ஏதோ மெல்லப் பாடிக்கொண்டே இருந்தாள், அல்லது எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இறுக்கிப் பின்னி, அவர்கள் ஊர் வழக்கப்படி பக்கவாட்டில் கொண்டை போட்டு, தன் தலையிலிருந்த மரச்சீப்பை உருவி அதில் செருகிவிட்டாள். முன்னால் வந்து நின்று பார்த்தாள். என் கன்னத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போய் அவளே சோற்றைக் கட்டினாள்.

நீ திரும்பி வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு ஆட்டோவில் சாமான் ஏற்றினேன்.

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. புதிதாக ஒன்பது பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்றார்கள். தலைக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும். நீங்கள் போய் மூன்று நாளாகிறது, கொண்டையை அவிழ்க்கலாம் என்று கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கொண்டை தளர்ந்து காதோரம் சரிந்திருக்கிறது. சீப்பு மட்டும் அவள் செருகிய இடத்திலேயே இருக்கிறது. கையை உயர்த்தி, அப்படியே இறக்கிவிட்டு, இதை எழுத வந்து உட்கார்ந்தேன்.

உங்கள்
கயல்விழி